உள்ளே போகாத ஒரு வரி

“ஊருக்கெல்லாம் டேட்டாபேஸ் கட்டித் தர்றீங்க. உங்க பொண்டாட்டி ஒரு எக்செல் ஷீட்டைத் திறக்கணும்னா குக்கர் நாலு விசில் அடிக்கணும். வெக்கமா இல்ல?”

இதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக. பாலகுமார் ஓட்ஸ் கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வெட்கமெல்லாம் இல்லை. பயம்தான்.

கல்யாணமான நாளிலிருந்து பதினான்கு வருஷமாக சிந்து எல்லாவற்றையும் அந்த ஷீட்டில் ஏற்றிவந்தாள். சிலிண்டர் வந்த நாள், வேலைக்காரி வராத நாள், யார் சாப்பிட வந்தார்கள், யார் செத்தார்கள், துக்கத்துக்கு யார் போனது. அறுபதாயிரம் வரி. எதையாவது தேடச் சொன்னால் லேப்டாப் கிரைண்டர் மாதிரி முனகும். பிறகு அப்படியே உறைந்துவிடும். அந்த உறைவில்தான் பாலகுமாரின் உயிர் இருந்தது.

கொழுப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே சிந்து வீட்டில் கறியை நிறுத்திவிட்டாள். வீடு இருக்கும் ஜோகுபாளையத்திலிருந்து, ஊருக்கு வெளியே விடியற்காலையில் விற்கும் ஹொஸ்கோட்டே மட்டன் பிரியாணிக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, சாவு. விடிந்ததும் யாரையாவது வாயாலேயே சாகடித்துவிட்டுத் துக்கத்துக்கென்று கிளம்பலாம். ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். திரும்பி வந்தால் யாரையும் தொடாமல் நேரே குளியலறை. மசாலா வாசனையும் போய்விடும்.

சாவுகள் ஷீட்டில் சேர்ந்துகொண்டே போயின.

“எக்செல்லுக்கு என்ன குறை சிந்து? தங்கமான பிள்ளை. எதை எழுதினாலும் வாங்கிக்கும். டேட்டாபேஸ் அப்படி இல்ல. வரிக்கு வரி கேள்வி கேட்கும்.”

“கேட்கட்டுமே. தப்பா எழுதினா கேட்கணும்தானே?”

“அறுபதாயிரம் வரியை மாத்த ஆறு மாசம் ஆகும்.”

“மாடிவீட்டு மமதா நேத்து ஒரே மத்தியானத்துல மாத்திட்டா. இப்ப தேடினா கண் சிமிட்டறதுக்குள்ள வருது.”

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

“ஒரே ஒரு வரிதான் உள்ள போகலை. ‘ஆகல்லா, ஆகல்லா’, முடியலையேன்னு கன்னடத்துல புலம்பிக்கிட்டே மூணு தடவை தட்டிப் பார்த்தா.”

“எ… எந்த வரி?”

“இறந்தவங்க பட்டியல்ல ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் இடமாம். ரெண்டாவது தடவை செத்தா டேட்டாபேஸ் வாங்காதாம்.”

“யாரு?”

“உங்க ஃப்ரெண்ட் ஆனேக்கல் வெங்கியோட அப்பா. 2019 மார்ச்ல ஒரு தடவை. போன ஞாயிறு ஒரு தடவை.”

“டைப்பிங் மிஸ்டேக்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். எந்தத் தேதி சரின்னு கேட்க வெங்கி வீட்டுக்குப் போன் போட்டேன். பெரியவரே எடுத்தார். ரெண்டு தேதியும் தப்புன்னார்.”

அழைப்பு மணி அடித்தது.

“வெங்கியும் அவங்கப்பாவும்தான். ரெண்டு தடவை செத்துப் பிழைச்சவராச்சே, என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். ஹொஸ்கோட்டே மட்டன் பிரியாணின்னார். வரவழைச்சுட்டேன்.”

மேஜை நிறைந்தது. பெரியவர் திவ்யமாக உட்கார்ந்து எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினார். வெங்கி நண்பனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சிந்து பாலகுமாருக்கு முன்னால் ஓட்ஸைத் தள்ளிவைத்தாள்.

“நீங்க துக்கத்துக்குப் போய் வந்து இன்னிக்கு எட்டாம் நாள். பதினாறு முடியறவரைக்கும் கறி ஆகாது.”

“சிந்து, அந்த எலும்பை மட்டுமாவது இப்படித் தள்ளேன்…”