கல் பாவி

மாமியார் கேட்டுக்கு வெளியே பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் உர்ரென்று இருந்தது.

"அத்தை, பக்கவாசல் வழியா உள்ள வாங்க" என்று வீட்டுப்படியில் நின்றபடி கத்தினார் புலவர்.

"இப்படி எழுதி மாட்டின வீட்டுக்குள்ள நான் எப்படி வர்றது, மாப்பிள்ளை?"

புலவர் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் என்பதால் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. அன்று காலையில்தான் மேஸ்திரி முன்வாசல் முழுக்கக் கல் பதித்து முடித்திருந்தார். ஈரம் காயும்வரை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று புலவர் ஒரு சிலேட்டில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார். "கல் போட்டிருக்குன்னு எழுதினாப் போதாதா?" என்று மனைவி கேட்டதற்கு, "போடுறது குப்பையை. கல்லைப் பாவணும்" என்று அதட்டல் வேறு.

சிலேட்டோ சின்னது. முதல் வரியில் 'கல் பாவி'. அடுத்த வரியில் 'யிருக்கிறது'. அதற்குக் கீழே, 'உள்ளே வராதீர்கள்'.

"ஐயோ அத்தை! அந்தப் பாவி நீங்க இல்ல!"

மாமியார் நிமிர்ந்தார். "ஓஹோ, பாவின்னு வேற எழுதியிருக்கா?"

"இது பாவம் பண்ற பாவி இல்ல அத்தை. பாவுறதுன்னாப் பரப்புறது. தறியில நீளவாக்குல விரிக்கிற நூலுக்கும் பாவுன்னுதான் பேரு..."

"ஆக, என்னை நீளவாக்குல விரிச்சு மிதிக்கணும்ங்கிறீங்க."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. புலவர் பொறுக்க மாட்டாமல் ஈரக் கல்மேலேயே ஓடினார். "சார், சார்!" என்று கேட்டோரம் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி அலற அலற, நாலைந்து கல் இடம்பெயர்ந்தது. ஓடிய வேகத்தில் சிலேட்டை உள்ளங்கையால் பரபரவென்று துடைத்தார். 'கல்' போயிற்று. 'யிருக்கிறது' போயிற்று.

"பாவி, உள்ளே வராதீர்கள்!" என்று எதிர்வீட்டுக்காரர் மிச்சத்தை உரக்கப் படித்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி வெளியே வந்தாள்.

"எங்கம்மாவையா? நீ எழுந்திரும்மா, அண்ணன் வீட்டுக்குப் போகலாம்."

இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போயே போய்விட்டது. புலவர் பெயர்ந்த கல்மேல் உட்கார்ந்து தலையில் கைவைத்தார்.

"ஒரே ஒரு சொல், மேஸ்திரி. அத்தை அதை ஒழுங்காப் படிச்சிருந்தா இந்த வம்பே இல்ல."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"அந்தம்மா எங்க சார் படிச்சாங்க? கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கு, என்ன எழுதியிருக்குன்னு என்னைத்தான் கேட்டாங்க. எனக்கு ஏது சார் படிப்பு? காலையில நீங்க போன்ல யார்கிட்டயோ சொன்னதைத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சு, 'மாமியார் இந்தப் பக்கமே வராம இருந்தாத் தேவலை'ன்னு சொல்லிட்டேன்."