ஒலியை முந்திய விமானமும் ஏற்றுமதியான போல்ட்டும்

அரசாங்கம் ஆற அமர ஆலோசித்து, ஆலோசித்ததை மறுபடியும் ஆலோசித்து, ஒரு போர் விமானம் செய்திருந்தது. எடை குறைவு, விலை மலிவு, வேகமோ ஒலியையும் மிஞ்சும். கையில் காசில்லாத நாடுகளும் ஆசைப்பட்டால் வாங்கிப் போகலாம். பார்த்து வாங்க ஒரு வெளிநாட்டுக் குழு வந்து ஷாமியானாவுக்கடியில் உட்கார்ந்திருந்தது.

போல்ட்டு அன்று விடிவதற்குள்ளேயே வந்து நின்றுவிட்டான். விமானத்துக்குத் திருகு முடுக்குகிறவன், அதனால் அந்தப் பெயர். பல வருஷமாகத் தற்காலிக ஊழியன். விமானம் விலைபோனால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். "இந்தத் தடவையாவது வாயைத் திறந்து கேளுங்க," என்று பொண்டாட்டி சொல்லி அனுப்பியிருந்தாள். பாவம், திறந்ததுதான் வினையாகப் போயிற்று.

விமானம் வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் போயும் விட்டது. ஓடுபாதை ஓரத்தில் நின்ற போல்ட்டு, நம்ம கை பட்ட விமானமாச்சே என்ற பூரிப்பில் 'ஆ'வென்று வாயைப் பிளந்தான். அந்த நேரம் பார்த்தா 'டமார்' என்று கேட்க வேண்டும்!

ஊரில் அப்போது கண்ணாடி மோகம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. செங்கல் சுவர் வைத்தவனை யாரும் மனுஷனாகவே மதிப்பதில்லை. விமானத் துறைச் செயலாளர் வீட்டில் குளியலறைக்குக்கூடக் கண்ணாடிதான். அந்த ஒரு சத்தத்தில் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. செயலாளரின் மாமனார் சோப்பு நுரையோடு தெருவுக்குக் காட்சி கொடுத்தார்.

உடனே ஒலிக் கட்டுப்பாட்டு அதிகாரி விசாரணைக்கு வந்துவிட்டார்.

"சத்தம் கேட்டப்போ விமானம் எங்கே இருந்தது?"

"அது அப்பவே போயிடுச்சு சார்," என்றான் போல்ட்டு.

"ஆக, சம்பவ நேரத்தில் சம்பவ இடத்தில் விமானம் இல்லை."

"இல்லதான் சார். ஆனா சத்தம் அதோடது. அது முன்னால போகும், சத்தம் பின்னால வரும்."

"ஊர்ல இல்லாதவங்க மேல பழி போடாதேய்யா. அப்போ இங்கே யார் இருந்தது?"

"நான்தான் சார்."

"வாய்?"

"திறந்துதான் சார் இருந்துது."

அதிகாரிக்குப் பரம திருப்தி. செயலாளருக்கு அதைவிடத் திருப்தி, விமானத்தின் பெயர் கெடவில்லையே! அவரே ஒலிபெருக்கியைப் பிடித்தார்: "மேற்படி ஒலியானது மேற்படி போல்ட்டு என்பவரின் மேற்படி வாயிலிருந்து எழுந்தது என்பது ஐயம் திரிபற நிரூபணமாகியுள்ளது!"

குழுத் தலைவர் எழுந்து வந்து போல்ட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடை எப்படி?"

"காத்தடிச்சா பறந்துடுவான்," என்றார் செயலாளர்.

"எரிபொருள்?"

"சோறு போட்டா சாப்பிடுவான். போடாட்டியும் கேட்க மாட்டான்."

"பழுதானால்?"

"திருப்பி அனுப்புங்க, வேற ஆள் தர்றோம். எங்ககிட்ட நிறைய இருக்கு."

தலைவர் முகம் மலர்ந்தது. "எடை குறைவு, விலை மலிவு, ஒரு கத்தலில் ஊரே நொறுங்குகிறது. விமானம் எதற்கு? இவரையே கொடுங்கள்."

போல்ட்டு கையெடுத்துக் கும்பிட்டான். "சார், நான் கத்தவே இல்ல சார்! இங்கேயே வேலை நிரந்தரம்னு சொன்னீங்களே!"

"அட அசடே, யோகம் அடிச்சிருக்கு, வேண்டாங்கிறியே! என் பையனை வெளிநாடு அனுப்ப நான் நாயா அலையறேன்," என்று செயலாளர் உண்மையான பொறாமையோடு அவன் தோளைத் தட்டினார். அந்த ஆண்டின் ஏற்றுமதி இலக்கு அத்துடன் இனிதே நிறைவேறியது.

விமான நிலையத்தில் பொண்டாட்டி ஓவென்று அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இங்கேயே உன்கூட இருந்துடலாம்னு நெனச்சேன்டி. சத்தியமா நான் கத்தலை."

"அது எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகே வந்தாள். "என் தம்பியும்தான் கத்த மாட்டான். அங்கே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."