இரட்டை மாத்திரையும் கடைசிப் பந்தியும்

பாயசம் வைத்திருக்கும் வீட்டில் சர்க்கரை நோயாளிக்குப் புத்தி வேலை செய்யாது. என்னுடையது மற்ற நாளிலும் கொஞ்சம் மெதுவாகத்தான் செய்யும்.

தக்கலையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மணவாளக்குறிச்சி. குடி வாசனையே ஆகாத குடும்பம். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை அதற்காகவே முறித்தவர்கள். நானோ கொத்தனார். (நான் குடிப்பதில்லை. சொன்னால் யார் நம்புவார்?)

சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளிமிபிரைடு மாத்திரை என்பது டாக்டர் சொன்னது. அன்று அடைப்பிரதமன், பால்பாயசம் என்று இரண்டு பாயசம். அதற்கு இரண்டு மாத்திரை என்று நானே கலவை போட்டேன். விழுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது: பெண்ணைப் பெற்றவன் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும்.

இரண்டாம் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றேன். வேர்வையில் சட்டை நனைந்தது. கை ஆடியது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இலையில் விடவேண்டியதை மடியில் விட்டேன்.

"என்னவே இது!" என்று துள்ளினார்.

"அசையாம இரும்வே. ரெண்டு பேரா தெரியுது, யாருக்கு ஊத்த?" என்றேன். நாக்கு குழறியது.

"ஆளு தண்ணியில நிக்காரு. எல்லாரும் எந்திரிங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று கத்தினார் சித்தப்பா.

பாதிப் பந்தி எழுந்தது. மகள் அழுதாள். "அவிய குடிக்க மாட்டாவ" என்று மனைவி ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன். (குடிகாரனும் அப்படித்தான் சிரிப்பான்.)

மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"வாயை ஊதுங்க."

ஊதினேன். மோந்து பார்த்தார். கையைப் பிடித்தார்.

"ஐஸ் மாதிரி இருக்கு. சுகர் மாத்திரை போட்டியளா?"

"ரெண்டு."

"சாப்பிட்டியளா?"

"கடைசிப் பந்தி."

"ஏட்டி, அழுதது போதும், சீனித்தண்ணி கொண்டா!" என்று என் மகளை விரட்டினார். (மாமியாரின் முதல் உத்தரவு.) பிறகு எழுந்தவர்களைப் பார்த்தார். "எனக்கும் சுகருதான். இது குடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பட்டினி. இரிங்க எல்லாரும்."

இருந்தார்கள். சித்தப்பா மட்டும் வேட்டி மாற்றப் போனார்.

தலை தெளிந்ததும் எனக்கு இலை போட்டுச் சோறு வைத்தார்கள். பாயசம் தரவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி. "எனக்குச் சரியாயிட்டு" என்றேன். "சீனி தீர்ந்ததும் மாத்திரை திரும்ப இழுக்கும்" என்று டாக்டர் மறுநாள் வரை படுக்க வைத்தார். மாத்திரையை நாமாகக் கூட்டக்கூடாது, போட்டால் சாப்பாட்டைத் தள்ளக்கூடாது என்றார். இப்போது அப்படித்தான்.

கல்யாணம் நடந்தது. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். எந்த விசேஷ வீட்டிலும் சம்பந்தியம்மா என்னைக் காட்டி ஆள் சேர்த்துவிடுவார்:

"எல்லாரும் சொத்து பாத்துச் சம்பந்தம் வைப்பாவ. நான் சந்தையில சக்கப்பழம் எடுக்கது மாதிரி, மோந்து பாத்துல்லா எடுத்தேன்."