மூன்றாம் வரிசை வேம்பு

எந்தத் தேசப்படத்திலும் இல்லாத பவளங்கரை என்னும் நகரத்தில், படங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். நகர்மன்றம் தன் படத்தில் ஓரிடத்துக்கு என்ன வண்ணம் பூசுகிறதோ, அந்த இடம் அன்றிலிருந்து அதுவாகவே ஆகிவிடும். மஞ்சள் என்றால் வீடு, நீலம் என்றால் கடை, பச்சை என்றால் பூங்கா. இப்படியொரு ஒழுங்கு வேறெந்த ஊரில் உண்டு? பிறந்தால் பவளங்கரையில் பிறக்க வேண்டும்.

ஒருமுறை நகர்மன்றம் ஆற்றங்கரையில் நாற்பது மாடிக் கோபுரம் எழுப்பத் தீர்மானித்தது. ‘வானளந்தான் வளாகம்’ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. இரண்டே இரண்டு தடைகள். பக்கத்தில் பூங்கா இருந்தால்தான் கோபுரத்துக்கு அனுமதி உண்டு. கஜானாவிலோ பணம் இல்லை. முதல் தடை தீர, பக்கத்திலிருந்த சாக்குக்காரத் தெருவின் மேல் பச்சை பூசினார்கள். இரண்டாவது தீர, கடல் கடந்த வங்கியில் கடன் கேட்டார்கள். அதற்கு ஈடாக, அதே தெருக்காரர்கள் இனி முப்பது வருடம் கட்டப்போகும் வீட்டு வரியை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கோப்புகளும் வெவ்வேறு அறைகளில் தயாரானதால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

கிழிந்த கோணிகளைத் தைத்துப் பிழைக்கும் இருநூறு குடும்பங்கள் அந்தத் தெருவில் இருந்தன. அவர்கள் சார்பில் சொர்ணக்கிளி என்ற பெண்மணி, கோணி ஊசியை முந்தானையில் குத்தியபடியே மனுவோடு மன்றத்துக்கு வந்தார்.

“எங்க வீட்டையெல்லாம் இடிக்கப் போறதா சொல்றாங்களே, நாங்க எங்க சார் போறது?”

ஆணையர் புருஷோத்தமன் படத்தை விரித்தார். “அம்மணி, பச்சைப் பகுதியில் மனிதர்கள் வசிக்க விதியில் இடமில்லை. ஆகவே அங்கே மனிதர்கள் வசிக்கவில்லை. அங்கிருப்பவை மரங்கள். மரங்களுக்கு மனுக் கொடுக்கும் உரிமை கிடையாது.”

“அப்போ நான் யாரு?”

ஆணையர் பதிவேட்டைப் புரட்டினார். “வேம்பு. மூன்றாம் வரிசை.”

நகரத்தந்தை வெற்றிச்செழியன் மேசையைத் தட்டினார். “ஒரே நாளில் அறுநூறு மரங்களை வளர்த்த மன்றம் உலகிலேயே நம்முடையதுதான்!” உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மரங்களுக்கு அரிசி எதற்கு என்று முதலில் ரேஷனை நிறுத்தினார்கள். வெயில் படாவிட்டால் மரம் வாடிவிடும் என்று கூரைகளைப் பிரித்தார்கள். தினமும் லாரி வந்து எங்கள் காலடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது. குடத்தில் பிடித்தால் அபராதம். எல்லோர் சட்டையிலும் சுண்ணாம்பால் எண் எழுதினார்கள். ஆமாம், நானும் அந்தத் தெருதான். எனக்கு நாற்பத்தேழு, புங்கு. மரக் கணக்கில் சேராத சின்னப் பிள்ளைகள் ஈரத்தில் படுத்துக் காய்ச்சலில் முனகியபோது, ஊரைப் பற்றிய என் பெருமை கொஞ்சம் குறைந்துதான் போனது.

பிறகு, பூங்காவுக்குள் வளாகத்தின் கார்களை நிறுத்த இடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, இடிக்கும் இயந்திரத்தை அனுப்பினார்கள். சொர்ணக்கிளி அதன் முன்னால் போய் நின்றார். அவர் பின்னால் நாங்கள் வரிசையாக நின்றோம்.

“போன வருசம் மேயர் ஐயாதானே சட்டம் போட்டாரு? மரத்தை வெட்டக் கூடாது, பிடுங்கக் கூடாது, இடம் மாத்தக் கூடாது, மீறினா ஏழு வருசம் ஜெயிலுன்னு? இப்ப ஓட்டுங்க, பார்ப்போம்.”

ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். கூட வந்திருந்த ஆணையர் படத்தை விரித்துப் பார்த்தார். எங்களை மனிதர்கள் என்றால் பூங்கா போச்சு, கோபுரத்தின் அனுமதியும் போச்சு. மரங்கள் என்றால் தொட முடியாது. அந்த நேரம் பார்த்து வங்கிக்காரர் வந்து, வீட்டு வரி எங்கே என்று கேட்டார்.

“மரங்களிடம் வரி வசூலிப்பதில்லை” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் ஆணையர். வங்கிக்காரர் அன்றே கப்பலேறினார்.

என் தெருவை நினைத்து அன்றைக்குப் போல் நான் என்றும் நெஞ்சு நிமிர்த்தியதில்லை. தலைக்கு மேல் கூரை இல்லை, அடுப்பில் உலை இல்லை. ஆனாலும் ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை.

ஆறு மாதத்தில் தேர்தல் வந்தது. நகரத்தந்தை கைகூப்பியபடி எங்கள் தெருவுக்கு வந்தார். “தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் பொன்னான வாக்குகளை…”

“மரத்துக்கு ஏதுங்க ஓட்டு?” என்றார் சொர்ணக்கிளி.

நகரத்தந்தை கூப்பிய கையைப் பிரித்துக் கணக்குப் போட்டார். போன முறை அவர் ஜெயித்ததே நானூறு வாக்கு வித்தியாசத்தில். அன்று மாலையே அரசிதழில் சிறப்பு ஆணை வந்தது: ‘சாக்குக்காரத் தெரு மரங்கள், வாக்குப்பதிவு நாளன்று காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை மட்டும் மனிதர்களாகக் கருதப்படும்.’

நான் அதைப் படித்துக் காட்டியதும் சொர்ணக்கிளி கோணி ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். “பதினோரு மணி நேரமா? தாராளமாப் போதும்.”

வாக்குப்பதிவன்று காலை ஆறு மணிக்கே அறுநூறு பேரும் சாவடிக்குப் போய்விட்டோம். வரிசையில் நிற்க நகர்மன்றமே எங்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்திருந்தது.