அயர்லாந்துக்குப் போகும் வழியில் ஐந்து வீடுகள்

சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குச் சுற்றுலா போகக் கூடாது. போனால் அது சுற்றுலா அல்ல, முறைக்குப் போய் வருவது. இந்த விதிப்படி பார்த்தால் எங்கள் ஆட்கள் ஐரோப்பாவில் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்க மிஞ்சியிருக்கும் இடங்கள் மிகக் குறைவு. (லக்சம்பேர்க் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். அங்கேயும் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் இருக்கிறாராம்.)

இந்த ஞானம் எனக்குப் பதினேழு வயதில் வந்தது. நாங்கள் வன்னியிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நகரத்தின் அல்பெர்கேரியாவில், காலையில் சந்தைக்காரர் கூவும் சத்தத்தில் கட்டில் அதிரும் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில் வேலை. அம்மா கால்சாவில் ஒரு சின்யோரா வீட்டைத் துப்புரவாக்கினார். நான் பள்ளிக்கூடம் போனேன், வீட்டில் எல்லாருக்கும் மொழிபெயர்த்தேன், அந்தத் தகுதியில் உலகத்தில் எதையும் என்னால் சமாளிக்க முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பிரான்சுக்கும் அயர்லாந்துக்கும் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். செய்தார்கள் என்றால், எங்கள் ஆங்கில ஆசிரியை ரோசால்பா ஒற்றை ஆளாகச் செய்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவர், அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த நாட்டின் மேற்குக் கரையில் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறைகளின் படம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் வந்தால் ரீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவார். மாணவர் காணாது, பணம் காணாது, இந்த வருடம் வேண்டாம் என்று அதிபர்கள் மாறி மாறித் தட்டிக்கழித்த பயணம் அது. கடைசியில் சரிவந்தபோது எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "மற்ற நாளெல்லாம் உங்களுக்கு. பாறைக்குப் போகும் நாள் எனக்கு. அன்றைக்கு யாரும் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது."

திட்டம் இதுதான். முதலில் மூன்று நாள் பாரிஸ். மூன்றாம் நாள் மாலை டப்ளினுக்கு விமானம். மறுநாள் காலை பஸ் பிடித்துப் பாறை.

எங்கள் வீட்டில் திட்டம் வேறு.

"பாரிசுக்குப் போறாய். பெரியம்மாவைப் பாக்காமல் வந்தியெண்டால் நான் பிறகு அக்காவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார் அம்மா.

"அம்மா, இது பள்ளிக்கூடப் பயணம். தனிய விடமாட்டினம்."

"நான் ரீச்சரோடை கதைக்கிறன்."

கதைத்தார். வேலை உடுப்போடு பள்ளிக்கூட வாசலில் நின்று, கால்சா சின்யோராவிடம் கற்ற இத்தாலியனில், மூன்றாம் நாள் பின்னேரம் ஓய்வு நேரத்தில் ஒரு அரைமணி நேரம், ஒரேயொரு தேத்தண்ணி என்று கேட்டார். பதினெட்டு வயதாகாத பிள்ளையைத் தனியே விடுவது சட்டப்படி முடியாது, ஆனால் தானே கூட்டிக்கொண்டு போவதாக ரீச்சர் சொன்னார். தேத்தண்ணிதானே என்று சிரித்தார். எங்கள் பாஷையில் இதைவிட ஆபத்தான வார்த்தை கிடையாது என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாரிஸில் எங்களுக்கு ஐந்து வீடுகள் இருப்பதையும் சொல்லவில்லை. பெரியம்மா வீட்டோடு நைசாக நழுவிவிடலாம் என்பது என் கணக்கு. (பதினேழு வயதில் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.)

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் இருவரின் சிறிய பெட்டிகளையும் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, கூட வந்த மற்ற ஆசிரியரோடு நேரே விமான நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டு, ரீச்சரும் நானும் ரயிலேறி பெரியம்மா வீட்டுக்குப் போனோம்.

கதவு திறந்ததுமே தேத்தண்ணி பொய் என்று தெரிந்துவிட்டது. மேசையில் இடியப்பம், சொதி, நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல். ரீச்சர் பயப்படவில்லை. அவர் சிசிலிக்காரி. "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்றார். "தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவளைத் திட்டியதாக அர்த்தம்." கையைக் கழுவி, நண்டின் காலை என்னைவிடத் திறமையாக உடைத்துச் சாப்பிட்டார். பெரியம்மா அவரைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டார்.

இரண்டாம் முறை இடியப்பம் வந்தபோது ரீச்சர் என்னிடம் உங்கள் மொழியில் எப்படி மறுப்பது என்று கேட்டார். "போதும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அழகாகச் சொன்னார்.

"பாவம், வெக்கப்படுறா" என்றார் பெரியம்மா. "இன்னும் ரெண்டு வை, பிள்ளை."

கை துடைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. அம்மாவின் தம்பி, செல்வம் மாமா, கையில் வான் சாவியோடு நின்றார். தமிழ்க் கடைகளுக்குச் சாமான் போடுகிறவர்.

"என்ன, அக்கா வீடு மட்டும்தான் சொந்தமோ? மாமி புட்டு அவிச்சு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா. பக்கத்திலைதான். அஞ்சு நிமிசம்."

ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் விட்டால் எங்களில் அது சாதாரண குற்றம் அல்ல. கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படும். நான் ரீச்சரிடம், "அம்மாவின் தம்பி. கோபித்துக்கொள்வார். ஐந்து நிமிடம்" என்றேன். ரீச்சர் தலையாட்டினார். தம்பிமார் கோபித்துக்கொள்வது பற்றி சிசிலியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

மாமா வீட்டில் புட்டும் கணவாய்க் கறியும். புட்டு வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று அறியாத ரீச்சர் அதையும் மரியாதையாக முடித்தார். அங்கேயே அம்மாவின் தங்கை, சின்னம்மா, தொலைபேசியில் வந்துவிட்டார். சின்னம்மா வீட்டில் றோல்ஸ், வடை, இறால் பொரியல். மூன்றாவது றோலில் கடிவைத்தபடி ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"வதனி, இந்த நகரத்தில் உங்களுக்கு மொத்தம் எத்தனை வீடு?"

"இன்னும் ரெண்டு."

கையில் இருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே சின்னம்மா கரண்டியோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். ரீச்சர் பெருமூச்சு விட்டு றோலைத் திரும்ப எடுத்தார். "முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது" என்றார். அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது.

நாலாவது அப்பாவின் அக்கா வீடு. மாமி என்று கூப்பிடுவோம். ரீச்சரை உள்ளே கூட்டிப்போய் ஒரு பச்சைச் சேலையைச் சுற்றி, பொட்டு வைத்து, சோபாவில் இருத்திப் படம் எடுத்தார். பிறகு கேசரி. பிறகு வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்குமாக ஒரு பெரிய சாப்பாட்டுப் பொதி. ரீச்சர் சேலையைக் கழற்றத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று "ரீச்சருக்கு ஃபிளைட்" என்று கத்தினேன். "ஓம், ஓம்" என்றார்கள். ஒருவரும் அசையவில்லை.

அப்போதுதான் சித்தப்பா தொலைபேசி எடுத்தார். அப்பாவின் ஒரே தம்பி. இரத்த உறவில் முதல் வீடு, தூரம் காரணமாகக் கடைசி வீடு.

"எந்த இடத்திலை நிக்கிறியள்? மீன் பொரிச்சு முடிஞ்சுது. உங்களுக்கெண்டு வேலைக்கும் போகேல்லை."

என் வாழ்க்கையின் முதல் பெரிய தீர்மானத்தை அந்த இடத்தில் எடுத்தேன். "சித்தப்பா, நேரமில்லை. நாங்கள் எயாப்போட்டுக்குப் போறம்."

சித்தப்பா "சரி. போங்கோ" என்றார். எங்கள் குடும்பத்தில் "சரி" என்று சொல்லி ஒருவரும் சமாதானமானதாக வரலாறு இல்லை.

செல்வம் மாமாவின் வானில் ரீச்சர் முன்னால் இருந்தார். காலடியில் அரிசி மூட்டை, மடியில் சாப்பாட்டுப் பொதி, நெற்றியில் பொட்டு. பின்னாலிருந்து கருவாட்டு வாசம். நகரத்தைச் சுற்றும் பெருந்தெருவில் வாகனங்கள் அசையாமல் நின்றன. மாமா ஒவ்வொரு முறையும் "இருபது நிமிசத்திலை நிப்பம்" என்றார். ரீச்சர் ஜன்னலைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். மாமா எங்களை வாசலில் இறக்கிவிட்டு, பொலிஸ் விரட்டியதால் உடனே போய்விட்டார். நாங்கள் உள்ளே ஓடினோம். ரீச்சருக்கு ஓட வரவில்லை. நாலு வீட்டுச் சாப்பாட்டோடு யாருக்கும் வராது. விமானத்தில் ஏறும் வாசலை மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் எங்கள் வகுப்பு ஏறிய விமானம் நகர்வது தெரிந்தது.

கவுண்டரில் பேசி மறுநாள் விமானத்தில் இடம் எடுத்தார் ரீச்சர். நான் பெரியம்மாவுக்குச் சொல்லட்டுமா என்று தொலைபேசியை எடுத்தேன். ரீச்சர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். அவர்கள் தங்கமான மனிதர்கள். ஆனால் இன்னொரு பிடி சாப்பிட்டால் நான் இங்கேயே செத்துப்போவேன். என் செத்தவீட்டுக்கும் அவர்கள்தான் சமைப்பார்கள்."

அந்த இரவை விமான நிலையக் கதிரைகளில் கழித்தோம். அம்மாவுக்கு மட்டும் சொன்னேன், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். அம்மா சத்தியம் செய்தார். விடிவதற்குள் பிரான்சு முழுக்கத் தெரிந்துவிட்டது.

டப்ளினுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பஸ் காலையிலேயே பாறைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு நாள் இல்லை, மற்ற நாட்களெல்லாம் மாணவர்களுக்காகப் போட்டவை. ஹோட்டல் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. எதிரே ஒரு கார்த் தரிப்பிடம் தெரிந்தது. ரீச்சர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறொருவரின் இத்தனை வருட ஆசையை இடியப்பமும் புட்டும் போட்டு மூடிவிட்டேன் என்ற வெட்கம் அது.

நான் அழுவதைப் பார்த்துவிட்டு ரீச்சர் கேட்டார்: "அந்த ஐந்தாவது வீட்டில் என்ன சமைத்திருந்தார்?"

"மீன் பொரியல். வேலைக்கும் போகாமல் நின்றாராம்."

"அப்படியென்றால் போகாமல் விட்டது பிழை" என்றார் ரீச்சர். "விமானம்தான் எப்படியும் போய்விட்டதே."

சித்தப்பா அதன்பிறகு எங்களோடு கதைக்கவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்பதைக்கூட அவர் மன்னித்திருப்பார். விமானத்தை விட்ட பிறகும் வரவில்லை என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு என் கலியாணத்துக்கு அப்பா அழைத்தபோது அவர் சொன்ன பதில் இது: "விடிய விடிய எயாப்போட் கதிரையிலை இருந்தாலும் இருப்பம், உன்ரை வீட்டுப் படி மிதிக்கமாட்டம் எண்ட ஆக்கள்தானே. எங்களை ஏன் கூப்பிடுறியள்?" அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. ஒரே தம்பி.

அழைப்பிதழ் கொடுக்கப் போன இடத்தில் அம்மா இதை ரீச்சரிடம் சொல்லி அழுதிருக்கிறார். ரீச்சர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் டிக்கெட் எடுத்து, பாதாமில் பழங்கள்போலச் செய்யும் எங்கள் ஊர் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, தனியே பாரிசுக்குப் போய்ச் சித்தப்பா வீட்டு மணியை அடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, சித்தப்பாவுக்கு இத்தாலியன் தெரியாது. மீன் பொரித்தார்கள். முழு மீனையும் ரீச்சர் சாப்பிட்டு முடித்த தட்டோடு எடுத்த படத்தைச் சித்தப்பா உறவினர் அத்தனை பேரின் தொலைபேசிக்கும் அனுப்பினார்.

சித்தப்பா கலியாணத்துக்கு வந்தார். முதல் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பா அன்று முழுக்கச் சிரித்தார்.

ஆனால் அந்தப் படம் மற்ற நாலு வீட்டுக்கும் போயிருந்தது. "ரீச்சர் பாரிஸ் வரைக்கும் வந்திட்டு எங்கடை வாசலை எட்டியும் பாக்கேல்லை" என்று பெரியம்மா மண்டபத்திலேயே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். ரீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வருகிற கோடையில் ஒரு கிழமை நின்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீடாக வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். முதல் நாள் யார் வீடு என்ற விஷயத்தில் அந்த நாலு வீட்டாருக்குள்ளும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.