இன்னொரு கப்

இரண்டாவது கப்பை உறிஞ்சியதும் நாக்குக்காரருக்கு முதுகில் வியர்த்தது.

எதிரே மூன்று கப் தக்காளி சூப். மூன்றிலும் ஒரே சிவப்பு, ஒரே ஆவி. இரண்டு கப்பில் இருப்பது கடைகளில் விற்றுக்கொண்டிருக்கும் சூப். ஒன்றில் மட்டும் புதிதாகக் கலந்தது. எது புதியது என்று அவரிடம் சொல்ல மாட்டார்கள். அவர் குடித்துப் பார்த்து "மூணும் ஒண்ணுதான்" என்றால் புதிய கலவை பாக்கெட்டில் ஏறி ஊரெல்லாம் போகும். "வேற" என்றால் அங்கேயே நிற்கும். அந்த சூப் பொடித் தொழிற்சாலையின் ருசி அறையில், வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி, பன்னிரண்டு வருடமாக அவர் இதைத்தான் செய்கிறார். ஒரு தடவைகூட "வேற" என்று சொல்ல நேர்ந்ததில்லை. தொழிற்சாலையின் தரம் அப்படி என்பது அவர் எண்ணம்.

எல்லோரும் அவரைத் 'தங்க நாக்கு' என்பார்கள். வேலையில் சேர்ந்த கதையை அவர் வாயால் கேட்காதவர்கள் அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் யாரும் இல்லை.

"எனக்கு முன்னாடி எட்டுப் பேர். ஒருத்தன் இதுல உப்பு கூடங்கிறான், ஒருத்தி அதுல புளிப்பு கம்மிங்கிறா. ஆளாளுக்கு ஒரு குறை. நான் வாயே திறக்கல. மூணு கப்பையும் மடமடன்னு குடிச்சேன். 'எல்லாம் ஒண்ணுதான், பிரமாதம். இன்னொரு கப் கிடைக்குமா?'ன்னேன். அவ்வளவுதான்! மேனேஜர் எழுந்து வந்து கையைப் பிடிச்சுட்டார். ஆளெடுக்கிறதுக்குன்னு மூலையில உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருந்த பர்சனல் ஆபீசர்கூட நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். 'உங்களைத்தான் சார் தேடிக்கிட்டிருந்தோம்'னாங்க."

அப்பேர்ப்பட்ட நாக்கு இன்று தடுமாறியது. இரண்டாவது கப் வெந்நீர் மாதிரி இருந்தது.

"ரெண்டாவது... வேற" என்றார் மெதுவாக.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "சார், நீங்களா சொல்றீங்க?"

"நான்தான். ஏதோ குறையுது."

"ஐயோ, உங்களுக்கே தெரியுதா!" என்று கத்திக்கொண்டு மேனேஜர் கலவைக் கூடத்துக்கு ஓடினார். இயந்திரம் நின்றது. காலையில் கலந்த பொடி மொத்தத்தையும் திரும்பக் கொட்டினார்கள்.

தன் ஒரு சொல்லுக்கு இத்தனை மரியாதையா என்று நாக்குக்காரருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் யோசனை வேறு பக்கம் திரும்பியது. பன்னிரண்டு வருடம் தவறாத தொழிற்சாலை இன்றைக்கா தவறியிருக்கும்? தவறியது நாக்காகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

காரணம் அவர் மனைவிதான். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உப்பு எங்கேயிருந்து இவ்வளவு உள்ளே போகுது?" என்று கேட்டார். மனைவி அன்று மாலையே நூலகத்து மாடியில் நடக்கும் சாப்பாட்டு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அலமாரியிலிருந்த சூப் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

"வகுப்பு டீச்சர் சொன்னாங்க, முன்னாடி இருக்கிற படத்தைப் பார்க்காதீங்க, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்கன்னு. எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்களாம். இங்க பாருங்க. மாவு, சர்க்கரை, உப்பு, எண்ணெய், அப்புறம் வாயில நுழையாத ஒண்ணு. தக்காளி சூப்புல தக்காளி ஆறாவதா நிக்குது."

"வரிசையா முக்கியம்? ருசிதான் முக்கியம்" என்றார் அவர்.

அவள் பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். மறுநாளிலிருந்து வீட்டில் காலையும் இரவும் பச்சைக் காய்தான். சீவின கேரட், நறுக்கின வெள்ளரி, ஊறவைத்த வேர்க்கடலை, முழுத் தக்காளி, பழம். முதல் வாரம் அவர் தட்டைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"ஆடு மாடுக்குக்கூடத் தவிடு கலந்து வைப்பாங்க. நாக்கே செத்துப்போச்சு" என்றார்.

"உங்க நாக்கு எப்பங்க உயிரோட இருந்துச்சு?" என்றாள் மனைவி. மகள் தண்ணீர் புரையேறச் சிரித்தாள்.

அது அவருக்கு நெடுநாள் மனக்குறை. ஊருக்கே ருசி பார்த்துச் சொல்கிறவரிடம் வீட்டில் ஒருநாளும் 'எப்படி இருக்கு?' என்று கேட்டதில்லை. புதிதாக ஏதாவது செய்தால் அவள் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்போது அந்த நாக்கு வேலைக்கே உலை வைத்துவிட்டது. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போக வேண்டும். கெட்டுப்போன நாக்கோடு நிற்கிறவனுக்கு இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? நாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நாக்குக்காரர் முடிவு செய்தார்.

மறுநாள் பஸ் நிறுத்தத்துக் கடையில் ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட் வாங்கி, மரத்தின் பின்னால் ஒளிந்து நின்று பிரித்தார். முதல் வில்லையை வாயில் போட்டதும் பழைய எண்ணெய் தொண்டையில் ஏறியது. இரண்டாவதில் உப்பு சுருக்கென்று குத்தியது. போன மாதம்வரை ஒரே மூச்சில் காலி செய்த அதே சிப்ஸ்! மூன்றாவதைத் துப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மகள், பள்ளிக்கூடப் பையோடு.

"அப்பா, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். பாக்கெட்டைக் கொடுங்க."

கொடுத்தார். ஆனாலும் அவர் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறை சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டது. அதுவரை மதியச் சாப்பாடு மட்டும் தொழிற்சாலைக் கேண்டீனில் நடந்துகொண்டிருந்தது. அதுவும் போயிற்று. மறுநாள் முதல் பைக்குள் ஒரு பெரிய டப்பா ஏறியது. உள்ளே முட்டைக்கோஸும் பீட்ரூட்டும்.

அந்த வாரம் இன்னும் இரண்டு கலவை 'வேற' என்று நின்றுபோயின. மேனேஜர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். நாக்குக்காரருக்கு வேறு வழி தோன்றவில்லை. நாக்கு மரத்துப்போனால் எல்லாம் ஒன்றாகத் தெரியும் அல்லவா? அலுவலக இயந்திரத்தில் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார். பிறகு கொஞ்ச நேரம் அந்த நடைகூடத்தில் அவர் ஆடிய ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வீங்கிய நாக்கோடு வீட்டுக்குப் போனதும் மனைவி அழுதேவிட்டாள்.

"டீதானே குடிச்சீங்க? இனிமே இந்த வீட்டுல சூடுங்கிற பேச்சே கிடையாது."

அடுப்பின் மேல் ஒரு துணியை விரித்து, அதன் மேல் பழக்கூடையை வைத்தாள். நாக்கு ஆறும்வரை வெறும் பழச்சாறு. ஆறிய பிறகு அது புதிதாக முளைத்த நாக்கு மாதிரி இருந்தது. ஒரு மாலை அவர் தட்டிலிருந்து நிமிராமலேயே சொன்னார்:

"கேரட் வேற கடையா? நல்லா இனிக்குது. வெள்ளரிக்காய் காம்புப் பக்கம் லேசாக் கசக்குது. எலுமிச்சை நேத்தைவிட ஒரு சொட்டு குறைவு."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "என்ன சொன்னீங்க?"

"தப்பா சொல்லல. இருக்கிறதைச் சொன்னேன்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "கல்யாணமான நாள்ல இருந்து எதை வெச்சாலும் 'பிரமாதம்'னு ஒரே வார்த்தைதான். கரிஞ்சாலும் பிரமாதம், உப்பு மறந்தாலும் பிரமாதம். யாரோ வழிப்போக்கருக்குச் சமைச்சுப் போடுற மாதிரி இருக்கும். இன்னைக்குத்தான் நான் வெச்சதைச் சாப்பிட்டிருக்கீங்க."

அவர் தட்டை அருகில் இழுத்துக்கொண்டார். இன்னொரு துண்டு கேரட்டை எடுத்து நிதானமாக மென்றார். மண்ணுக்கடியில் இருந்த ஒரு வேருக்கு இத்தனை இனிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். இத்தனை வருடம் இது எங்கே போயிருந்தது என்றும் யோசித்தார். வீட்டில் பிழைத்துக்கொண்ட நாக்கு தொழிற்சாலையில் குடும்பத்தையே கவிழ்க்கப் போகிறதே என்ற பயமும் கூடவே வந்தது. இனி பொய் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். எதைக் கொடுத்தாலும் 'மூணும் ஒண்ணுதான்'.

அவர் தீர்மானித்த மறுநாள் பார்த்து முதலாளியே ருசி அறைக்கு வந்து நின்றார். பக்கத்தில் மேனேஜர். மேசைமேல் மூன்று கப்.

முதல் கப்: உப்பும் சர்க்கரையும் போட்ட சிவப்புத் தண்ணீர். இரண்டாவதும் அதேதான். நாக்குக்காரர் பொய்யை உதட்டில் தயாராக வைத்துக்கொண்டு மூன்றாவதை உறிஞ்சினார்.

தக்காளி! காலையில் தன் தட்டில் கடித்த அதே தக்காளி, வெந்து, இளகி, புளிப்பும் இனிப்புமாக வந்து நின்றது. பொய் வெளியே வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

"இதுதான் சார் சூப்பு! மத்த ரெண்டையும் தொட்டியில ஊத்துங்க, மனுஷன் குடிப்பானா?"

மேனேஜர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ரெண்டும்தான் சார் நாம விக்கிறது" என்றார் மேனேஜர்.

"அப்ப இது?"

"நீங்க சேர்ந்த வருஷம் வித்த கலவை. உங்க நாக்கைச் சோதிக்கத்தான் அதே அளவுல இன்னைக்குப் போட்டோம்."

நாக்குக்காரருக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு புதுக் கலவையிலும் ஒரு சிட்டிகை தக்காளியை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் 'மூணும் ஒண்ணுதான்' என்று வழியனுப்பி வைத்திருக்கிறார். அந்தச் சூப்பைத்தான் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுக்கிறார்கள். அவமானமாக இருந்தது. ஆனாலும் மனம் ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்தது: சிட்டிகை சிட்டிகையாக எடுத்தால் எப்பேர்ப்பட்ட தங்க நாக்குக்கும்தான் தெரியாது.

முதலாளி கோபப்படவில்லை. தோளில் கை வைத்து, "உங்க நாக்கு மாறிடுச்சு. இனிமே இது சரிப்படாது. கிடங்குல அதே சம்பளத்துல ஒரு இடம் இருக்கு. போறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பதிலா ஒரு ஆளை நீங்களே பரீட்சை வெச்சுப் பாருங்க" என்றார்.

வேலை பிழைத்தது. மறுநாள் காலையில் டப்பாவை மூடிக்கொண்டே மனைவி சொன்னாள்: "நல்ல நாக்காப் பார்த்து எடுங்க. நாலு வீட்டுப் பிள்ளைங்க குடிக்கிறது."

"எடுக்கிறேன் பாரு. ஒரு சொட்டு குறைஞ்சாலும் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி ஒரு ஆளை உட்கார வெச்சுட்டுத்தான் கிடங்குக்குப் போவேன்" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு அதுதான் பிராயச்சித்தம் என்று அவருக்குத் தோன்றியது.

வந்தவர்கள் மூன்று பேர். மூலையில், அன்று போலவே இன்றும், பர்சனல் ஆபீசர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பெண். மூன்று கப்பையும் ஒவ்வொரு வாய் மட்டும் குடித்தாள். இடையில் தண்ணீர் கொப்பளித்தாள். "மூணாவதுல தக்காளி கொஞ்சம் குறைவு சார். கோவிச்சுக்காதீங்க, மத்த ரெண்டுலயும் பெரிசா ஒண்ணும் இல்லை." நாக்குக்காரருக்கு எழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

இரண்டாவதாக வந்தவர் முன்னாள் சமையல்காரர். ஏதோ வித்தியாசம் இருக்கிறது, எதில் என்றுதான் பிடிபடவில்லை என்றார். பரவாயில்லை.

மூன்றாவதாக வந்த ஆள் சட்டைப் பொத்தான் இறுக, சிரித்த முகமாக உட்கார்ந்து, மூன்று கப்பையும் மடமடவென்று காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் ஒண்ணுதானே சார்? பிரமாதம். இன்னும் ஒரு கப் கிடைக்குமா?"

நாக்குக்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படியும் ஒரு மரக்கட்டை நாக்கா! அவனை அனுப்பிவிட்டு, பர்சனல் ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"சந்தேகமே இல்லை சார், அந்தப் பொண்ணுதான். கடைசியா வந்தானே, அவனைப் பார்த்தீங்களா? சாக்கடையைக் கலந்து கொடுத்தாலும் பிரமாதம்பான் போல!"

பர்சனல் ஆபீசர் கொட்டாவியை முடித்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு வேலை ஆர்டரே அடிக்கச் சொல்லிட்டேன் சார். 'இந்த ஆளுக்கே வித்தியாசம் தெரிஞ்சுட்டா ஊருக்கே தெரிஞ்சுடும்'னுதானே, இன்னொரு கப் கேட்ட உங்களையும் அன்னைக்கு எடுத்தோம்!"