ஆறு நிமிடத்துக்கு நாற்பது வெள்ளி

தேக்கா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் நூருல் அமீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பூன் லேயில் தாங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கு உங்கள் தங்கை சம்சுன்னிசா நலம். என் நலம் தங்கள் கையில் இருக்கிறது.

மாடியில் சமையல்கூடம் நடத்தும் கோவிந்தசாமியின் குழாய் ஒழுகி, என் ஜவுளிக்கடையில் ஐயாயிரம் வெள்ளி பெறுமானமுள்ள சேலைகள் நனைந்தது தங்களுக்குத் தெரியும். வக்கீலே தேவைப்படாத சின்ன வழக்கு மன்றம் ஒன்று இருக்கிறது என்றேன். "வக்கீல் இல்லாம போனா நம்மள யாரு மதிப்பா? விடாதீங்க மச்சான்" என்று மீசையை முறுக்கியவர் தாங்கள்தான்.

வித்யா என்று ஒரு வக்கீல் பெண் கிடைத்தது. ஆறு நிமிடம் ஒரு யூனிட், யூனிட்டுக்கு நாற்பது வெள்ளி என்று முதலிலேயே சொன்னது. நான் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் அடுத்த வாக்கியம், "அவசரமே இல்ல அங்கிள், ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்பது. நம் வீட்டில் என்னிடம் யார் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? கடை தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தேன், மறுநாள் பிரியாணியோடு போய் மிச்சத்தைச் சொன்னேன், மகள் மர்யம் கல்யாணத்தில் தாங்கள் கறித்துண்டுக்காகக் கோவித்துக்கொண்டு போனதைக்கூடச் சொன்னேன், அதற்கு மட்டும் நான்கு யூனிட். பெருநாள் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன், ஒரு யூனிட். ஆறு மாதத்தில் 6,800 வெள்ளி போயிற்று. வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

சண்டை போட்டு, இனி மீதி வழக்கு முழுவதற்கும் ஒரே தொகை மூவாயிரம் என்று எழுதி வாங்கினேன். மறுநாளே, "மெயின் பாயிண்ட் மட்டும் சொல்லுங்க லா அங்கிள்" என்றது. அதுவரை 'ஸ்ட்ராங் கேஸ்' என்ற பெண், "எதுக்கு கோர்ட்டு, பேசி முடிச்சிரலாமே" என்றது. ஜெயித்தாலும் வக்கீல் செலவில் ஒரு பகுதிதான் எதிராளியிடமிருந்து வருமாம். அதையும் முன்பே சொல்லியிருந்ததாம். நான் பேசிக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை. கோவிந்தசாமியின் வக்கீல் ஸ்ரீராமுக்கு முதல் நாளிலிருந்தே ஒரே தொகை. அவர் ஏன் ஆரம்பம் முதல் சமாதானம் சமாதானம் என்றார் என்பது அன்றுதான் விளங்கியது.

நால்வரும் உட்கார்ந்தோம். இருபதே நிமிடம். கோவிந்தசாமி இரண்டாயிரம் வெள்ளி தந்து குழாயையும் மாற்றுவார். அவரவர் வக்கீல் செலவு அவரவருக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏனென்றால், நான் கட்டிய 9,800 வெள்ளியும் உங்கள் தங்கை உம்ராப் பயணத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் சேர்த்தது. அடுத்த மாதம் ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டும். தாங்கள் 7,800 வெள்ளி கடன் தந்தால் அவளுக்குத் தெரியாமல் திரும்பப் போட்டுவிடுவேன். போனில் அனுப்பினால் படித்துவிடுவாள் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். யூனிட் பார்க்காமல் இவ்வளவு நேரம் படித்த தங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்களை மட்டுமே நம்பியிருக்கும்
நெய்னா முகம்மது

பி.கு.: காக்கா, உங்க தங்கச்சி சம்சு எழுதுறேன். இவங்க கவர் வாங்கப் போயிருக்காங்க. பணத்தை இவங்ககிட்ட குடுத்துராதீங்க, எனக்கு அனுப்புங்க. கோவிந்தசாமி அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி அந்த ஸ்ரீராம் வக்கீலுக்கு இப்பத்தான் போன் பண்ணேன். இவங்க மேல கேஸ் போடப் போறேன். எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே தொகைதானாம். முப்பது வருஷத்தையும் ஆரம்பத்துலேர்ந்து சொல்லப் போறேன்.